லாச்சிக்குள் இருக்கும் முகம்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
10.06.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? பக்கத்து அறை எல்சியக்கா ஊருக்கு வருகிறா, அவவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் போன கடிதத்தின் உறை இரண்டாம் முறை ஒட்டப்பட்டிருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை. சல்லிக் கோயில் திருவிழாவில் எங்கள் ஸ்டூடியோ எடுத்த படங்களைப் பார்க்க நேற்று இருவர் வந்தார்கள். பெயர் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். பெரிதாக்கினேன், மங்கியது.

"நீர்தானே மங்கலாக்கினது?"

"இல்லை ஐயா. கம்பியூட்டர் காட்டுறது சின்னப் பிரதி. மூலப்படம் இல்லாட்டித் தெளிவா வராது."

"மூலப்படம் எங்கே?"

"அழிச்சுப்போட்டம் ஐயா."

பிரதியைப் பற்றிச் சொன்னது உண்மை. மூலப்படங்கள் உள்ள டிஸ்க் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. அதன் வயரைக் கம்பியூட்டரில் கொழுவினால் முகம் தெளிந்திருக்கும். அது யாரென்று எனக்குத் தெரியாது.

அவர்கள் போனபின், கூட வேலை செய்யும் வின்சன்ட் தேத்தண்ணி கொண்டுவந்தான்.

"டிஸ்க் பத்திரமோ மச்சான்?"

"எந்த டிஸ்க்?" என்றேன்.

அவன் சிரித்தான். அக்கறையில் கேட்டானா, யாருக்காகவாவது கேட்டானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

எல்சியக்கா திரும்பும்போது மிளகாய்த்தூளும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள். போனில் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். வழமைபோல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். "ஓம்" என்றால் பிரச்சினையில்லை. "பசியில்லை" என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

அக்கா வாசலில் நிற்கிறா.

உங்கள் மகன்
பற்றிக்