ஈரச் சாக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

லாரி வராது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் அப்பாவிடம் வரும் என்று சொன்னாய். போனை நீ எடுப்பதில்லை. அதனால்தான் உன் காகித ஆலை முகவரிக்கு எழுதுகிறேன். கொள்முதல் பிரிவுக்கு வரும் தபாலை நீ பிரித்துத்தானே ஆக வேண்டும்.

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. வெட்டிப் பட்டை உரித்த தைலமரக் கட்டைகள் வயலோரம் அடுக்கியபடி கிடக்கின்றன. காய்ந்தால் எடை போய்விடும், ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள் என்று நீ சொன்னதை அப்பா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். மரம் வைத்த பிறகு கிணற்றில் மோட்டார் இழுக்கத் தண்ணீர் இல்லை. அப்பாவே படியிறங்கி, அடியில் கிடப்பதை வாளியில் மொண்டு வந்து சாக்கை நனைக்கிறார். குடிக்கிற தண்ணீருக்கு அம்மா தெருக்கோடிக் குழாயில் நிற்கிறாள்.

பக்கத்து வயல்காரர், என்ன மாமா, வெட்டுன கட்டைக்குத் தண்ணி ஊத்துறீங்க, துளிர்க்கப் போகுதா என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எம் மவன் கம்பெனியில இருக்கான்யா, மொத லாரி நமக்குத்தான் என்றார். நீ பார்த்திருந்தால் உனக்குச் சோறு இறங்கியிருக்காது.

ஆலைக்கு வேண்டியபோது வீடு வீடாக வந்து கன்று கொடுத்தீர்கள். இந்தப் பக்கம் முழுக்க ஒரே மரம். இப்போது பட்டை உரித்த பெண்கள் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். எடைமேடை பூட்டிக் கிடக்கிறது. டீக்கடையில் அடுப்பு எரியவில்லை. கட்டையை யாராவது தின்ன முடியுமா?

போன வாரம் லாரி ஓட்டும் குண்டண்ணன் வந்தார். கப்பலில் வரும் மரக்கூழ் மலிவாம், உள்ளூர்க் கட்டை வாங்குவதை ஆலை நிறுத்திவிட்டதாம். எங்க எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னதே உங்கண்ணன்தாம்மா என்று தரையைப் பார்த்தார். அதை அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. கூடப் பொறந்தவன் மேல பொறாமைப்படாத என்றார்.

முந்தாநாள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். விலாவில் அடி. மூச்சு இழுத்தால் முகம் சுருங்குகிறது. டாக்டரிடம் வரமாட்டேன், சாக்கு காஞ்சிடும் என்கிறார். உனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

உன் வேலையை விடச் சொல்லவில்லை. நீ சொன்னால்தான் அவர் கேட்பார். லாரி வராதுப்பா, கிணத்துல இறங்காதீங்க. இவ்வளவு போதும். நீ நன்றாக இரு. போனை மடியிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

---

அண்ணனுக்கு,

போன கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று குண்டண்ணன் சொன்னார். நீ கூப்பிடவில்லை.

இன்று காலையும் அப்பா விலாவில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். பிடுங்கினேன். தள்ளிவிட்டுப் போனார். இதை எழுதும்போது கிணற்றுக்குள்ளிருந்து அவர் இருமுவது கேட்கிறது.

கூப்பிடு.