நாலு மணி நிழல்

என்னங்க, நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? பாப்பாவின் ஆடுகிற பல் விழுந்துவிட்டதா? வெயிலில் கறுத்ததைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சோலார் போடும் வீடுகளுக்கு இங்கே அரசு மானியம் அறிவித்ததிலிருந்து தகடு மாட்டும் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நேற்று ஒரு வீட்டுக்கார அம்மா, கூரையின் முன்பக்கம்தான் தகடு மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"வெயில் பின்பக்கம்தாங்க அடிக்குது" என்றேன், கூரைமேல் இருந்தபடி.

"பக்கத்து வீட்டுக்காரி முன்பக்கம்தானே பார்ப்பா?"

சிரித்ததில் எனக்குக் கால் வழுக்கிவிட்டது. பயப்படாதீர்கள், இடுப்பில் கயிறு கட்டியிருந்தேன். கீழே விழுந்தது ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான். பின்பக்கமே மாட்டினோம். சாயங்காலம் அந்த அம்மா, பக்கத்து வீட்டம்மாவைக் கையோடு கொல்லைப்புறத்துக்கு இழுத்து வந்து காட்டினார். இன்று காலை அந்தப் பக்கத்து வீட்டம்மாவே போன் செய்தார்: "அவளுக்குப் போட்டதைவிட எனக்கு ரெண்டு கூடப் போடுங்க!"

நம் வீட்டுக்கும் மானியம் கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தீர்களே, துள்ளிக் குதித்தேன். தரையில்தான். மாட்ட வருபவரிடம் சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டியின் நிழல் தகட்டில் விழக்கூடாது. நாலு மணிக்கு மாடியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அளவு தெரிய, தொட்டி பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். உங்கள் உயரம் எனக்கு மனப்பாடம். பாப்பாவும் நிற்கட்டும். அவள் உயரம்தான் இப்போது எனக்குத் தெரியவில்லை.

வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். போட்டோவில் தொட்டி விழாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்
கூரைக்காரி