இந்த வாரப் பெட்டியில் காய் இல்லை

கோலா தெர்லா,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெனட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் மழைக்கு முந்திச் சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை எட்ரியனும், ஏழு மாதமாக உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஜொகூரில் சுகமாக இருக்க வேண்டும் என்ற மன்றாட்டோடுதான் தினமும் செபமாலையை முடிக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் காயைத் தேடியிருப்பாய். தேடாதே அம்மா, இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், நீ வேலை அவசரத்தில் இருந்தாய், எனக்கும் அது நல்ல சாக்காகப் போயிற்று. கடிதம் என்றால் யாரும் நடுவில் நிறுத்த முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. பக்கத்து வீட்டு மணியம்மா மகனோடு ஈப்போவுக்கே போய்விட்டாள், அதனால் இந்த வரிசையில் இப்போது விளக்கு எரிவது நம் வீட்டில் மட்டும்தான். உன் அம்மாவின் இரண்டாம் வருடப் பூசை போன மாதம் முடிந்தது, நீ வரமுடியாத நிலையில் இருக்கிறாய் என்று சாமியாரிடம் சொன்னேன், உனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். சோறு இன்னும் இரண்டு பேர் அளவுக்குத்தான் வடிக்கிறேன், கை அப்படிப் பழகிவிட்டது, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடித்துவிடுகிறேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத வாரமும் உண்டு, அப்புறம் கடையில் போய் உப்பு கேட்டால் தொண்டை கட்டியிருக்கும். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அஞ்சு வாரத்துக்கு முன்னால் சுகாதார இலாகாவிலிருந்து வந்து, கியா பார்ம் சந்தையில் உமாதேவியின் கடையில் சோதனைக்குக் காய்கறி எடுத்திருக்கிறார்கள். நம் கீரையை வாங்கி விற்பவள் அவள்தானே, இது யார் கொல்லைக் கீரை என்று கேட்டதும் என் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே ஒரு மலாய்ப் பெண் இங்கே வந்து நின்றாள், உன் வயதுதான் இருக்கும். கீரையில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும், பாத்தியிலிருந்தே அறுத்துக் கொடுங்கள் பாக்சிக் என்று, சொந்த மாமாவைக் கேட்பதுபோல் மரியாதையாகத்தான் கேட்டாள். உன் அப்பன் புத்தி எங்கே போயிற்று பார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் மருந்தடிக்கிற ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவன், எனக்கே மருந்துப் பாடமா என்று ஒரு மிதப்பு. நம் கொல்லையில் சந்தைக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று உனக்குத் தெரியும். சந்தைப் பாத்திக்கு மருந்தடித்து, மருந்து இறங்க நாள் விட்டுத்தான் அறுக்கிறேன், அதில் தப்பு செய்தது கிடையாது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, மருந்தே காட்டாத வீட்டுப் பாத்தியில் நாலு கட்டு சாவிக் கடுகுக்கீரை அறுத்து, இதுதான் கடைக்குப் போவது என்று நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு, அந்தப் பாத்தியிலும் கொஞ்சம் வேண்டும் என்று சந்தைப் பாத்தியையும் கைகாட்டினாள். அதிலும் அறுத்துக் கொடுத்தேன். இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பாத்தி என்று எழுதி ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்து அன்றைக்குத் தனியாகச் சிரித்தேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை தாளோடு திரும்பி வந்தாள். சந்தைப் பாத்திக் கீரை தேறிவிட்டது. வீட்டுப் பாத்திக் கீரையில்தான் மருந்து, அதுவும் அனுமதித்த அளவுக்கு மேலே. பையை மாற்றிவிட்டீர்கள் என்று அவளோடு சண்டைக்குப் போனேன். அந்த ஆத்திரத்தில் நான் செய்த புரட்டையும் நானே உளறிவிட்டேன், அந்தப் பாத்தியில் மருந்து பட்டதே இல்லை, அது விற்கிற கீரையே இல்லை, அது என் மகளுக்கு என்று கத்தினேன். அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. மழையில் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மருந்தடிக்கிற டாங்கியை எங்கே கழுவுகிறீர்கள் பாக்சிக் என்று மட்டும் கேட்டாள். குழாயைக் காட்டினேன். நீட்டிய கையை இறக்குவதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. குழாய் மேட்டில் இருக்கிறது, வீட்டுப் பாத்தி அதற்கு நேர் கீழே.

உன் அம்மா இருந்தவரை அந்த டாங்கி குழாய்ப் பக்கம் வந்ததில்லை. நான் மருந்தடித்துவிட்டு வருகிற நேரம் பார்த்துச் சமையலறை ஜன்னலில் வந்து நிற்பாள். "கீரைக்கும் வாய் இருக்குங்க, ஊத்துறதயெல்லாம் குடிக்கும், ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோங்க" என்று விரட்டுவாள். செல்லம் என்று பெயரை வைத்துக்கொண்டு ஏண்டி இப்படி அதட்டுகிறாய் என்று கேலி பண்ணிக்கொண்டே, ரோட்டைத் தாண்டி ஒன்றும் முளைக்காத இடத்தில் வைத்திருந்த பழைய டிரம்முக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அவள் போனபிறகு ஜன்னலில் ஆள் இல்லை. முழங்கால் வலி, மழை, சோம்பல், யார் கேட்கப் போகிறார்கள் என்று குழாயிலேயே கழுவ ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லைதான். அந்தத் தண்ணீரைக் குடித்த கீரையைத்தான் இரண்டு வருடமாக வாரா வாரம் பெட்டி கட்டி உனக்கு அனுப்பினேன். கலியாணமாகி ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை, கடைக் காயைத் தொடப் பயமாயிருக்கிறது, அப்பா காய்தான் சாப்பிடுகிறேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

அன்றைக்கே போன் பண்ணி, கீரையில் பூச்சி இருக்கிறது, கொட்டிவிடு என்று சொன்னது பொய். "பூச்சி இருந்தா நல்லதுதானேப்பா, மருந்து இல்லன்னு அர்த்தம்" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாமல்தான் மாப்பிள்ளைக்குப் போன் அடித்து, அவரைவிட்டுக் கொட்டச் சொன்னேன், அவரிடமும் பூச்சி என்றுதான் சொன்னேன். பெட்டி கொண்டுவருகிற முருகையாவின் லாரி பழுது என்று போன வாரம் நான் சொன்னதும் பொய், லாரி நன்றாகத்தான் ஓடியது, பெட்டியில் வைக்க என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

இப்போது அப்பா சொல்வதைக் கேள். பெட்டியில் தேயிலைப் பொட்டலத்துக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் அந்தச் சோதனைத் தாளின் நகல் இருக்கிறது. மருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்கிறது. திங்கட்கிழமை வரை போடாமல், பெட்டி வந்த அன்றைக்கே உன் டாக்டரிடம் அதைக் காட்டு, எத்தனை நாளாகச் சாப்பிட்டாய் என்பதையும் மறைக்காமல் சொல். சோதனைக்கு வந்த அந்தப் பெண் போகும்போது, பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் மகளிடம் மறைக்காதீர்கள் பாக்சிக் என்று சொன்னாள். அவள் சொல்லியும் ஒன்பது நாள் மறைத்தேன். வீட்டுப் பாத்தியைப் பிடுங்கிப் போட்டாயிற்று, மண்ணை ஆறவிட்டு மறுபடி சோதித்த பிறகுதான் எதையும் நட வேண்டுமாம். டாங்கி பழையபடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, போகும்போது ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் லாரி உன் வாசலில் பெட்டியை இறக்கியதும், பெட்டி வந்துவிட்டது அப்பா என்று நீ போன் பண்ணுவாய். இரண்டு நிமிடம் பேசுவாய், அதை வைத்துக்கொண்டு நான் வாரத்தை ஓட்டுவேன். போன சனிக்கிழமை பெட்டி இல்லை, போனும் இல்லை. மத்தியானம் வரை போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் குற்றம் இல்லை அம்மா, பெட்டி வராமல் எதைச் சொல்லிப் பேசுவாய். கீரையை உனக்காக நட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்காகத்தான் நட்டிருக்கிறேன்.

இந்த வாரம் பெட்டி உண்டு என்று முருகையாவிடம் சொல்லிவைக்க, நேற்றே அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லாத பெட்டிக்கு எதுக்கு இவ்ளோ கயிறு லா" என்று கேட்டான். உள்ளே ஒரு கடிதம் வைக்க வேண்டும் என்று பெட்டியைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் மாதாவின் துணை எப்போதும் இருக்கட்டும். படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல், நல்லது கெட்டது எதுவானாலும் சொல். திட்ட வேண்டும் என்றாலும் போன் பண்ணித் திட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
மைக்கல்

மறந்துவிடாதே, பெட்டியை முருகையாவிடம் திருப்பிக் கொடுத்துவிடு. காலியாக இருந்தாலும் பரவாயில்லை.