ஆறாம் பொத்தான்

மூன்றாம் வருடம், நாள் 212. 07:10
காற்று சரி. வெப்பம் சரி. அழுத்தம் சரி. நிலவுத் தளத்தில் விழித்திருப்பவன் நான் ஒருவன், முனைவர் ஞானசிகாமணி. தொழில்நுட்ப உதவியாளர் நாச்சியார் கால் எலும்பு முறிந்து, புண் சீழ் பிடித்து, உறைதூக்கப் பெட்டியில் ஆறாவது நாளாகக் கிடக்கிறாள். கப்பல் வர இன்னும் பத்தொன்பது நாள்.

இங்கே தூக்கப் பெட்டியோடு சேர்த்து ஒன்பது இயந்திரங்கள். டெண்டரில் குறைந்த விலை கேட்ட ஒன்பது கம்பெனிகள். எதிலும் பொத்தான் கிடையாது, எடை குறைக்கிறார்களாம். ஒன்பது ரிமோட்டையும் போன கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொது ரிமோட்டை வைத்துக்கொண்டார்கள். அதில் நாச்சியார் மேக்ரோ போட்டு வைத்திருக்கிறாள். ஒரு பொத்தானை அமுக்கினால் பத்துக் கட்டளை வரிசையாகப் போகும், அவ்வளவுதான். இதற்கு முப்பத்தோரு பக்கத்தில் ஒரு நோட்டு வேறு! நான் இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவன். டி.வி. ரிமோட்டுக்குக் கோனார் உரை தேவையில்லை.

நாள் 212. 16:40
ரிமோட்டைச் சுத்தம் செய்தேன். பத்துப் பொத்தான்தான் இருக்கிறது, அதில் ஆறாவதற்குத் தன் பெயரையே ஒட்டி வைத்திருக்கிறாள் அம்மணி. என்ன தற்பெருமை! அழித்தேன். அங்கே என் மேக்ரோவைப் போட்டேன்: விளக்கு, வெந்நீர், கடைசியில் காபி. வேலை செய்கிறது. இதற்குத்தான் அவளுக்குச் சிறப்புப் படி கொடுத்தார்கள்.

நாள் 213. 09:15
இன்று ஆயுத பூசை. தரைநிலையத்து அன்வர் பேசினான்.
"சார், நாச்சியார் அக்கா வருஷா வருஷம் பூசை போட்டு போட்டோ அனுப்பும். ஒன்பதாம் பொத்தானை அமுக்கினா எல்லா மெஷினும் பத்து நிமிஷம் ஓய்வெடுக்கும் சார். இந்த வருஷம் நீங்க கொஞ்சம் போடுங்களேன். மேலிடத்துல கேக்குறாங்க."
இயந்திரத்துக்கு ஓய்வு! மேலிடத்தில் கேட்கிறார்களாம். கழுதை மேய்க்கப் போகாமல் இவர்கள் ஏன் விண்வெளிக்கு வந்தார்கள்?

நாள் 213. 10:40
பூசை முடிந்தது. ஒன்பது இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம். தூக்கப் பெட்டியின் முகப்பில் அழுக்காக ஒரு கருப்பு டேப் ஒட்டியிருந்தது. படத்தில் அசிங்கமாக விழுமே என்று உரித்தேன். ஒன்பதை அமுக்கினேன். பத்து நிமிடம் கழித்து எல்லாம் தானாக எழுந்தன. படம் அனுப்பியாயிற்று. மகிழட்டும்.

நாள் 213. 11:05
பெட்டியில் சிவப்பு விளக்கு. நாச்சியாரின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஆறு இருந்தது. இப்போது இரண்டு.

நாள் 213. 11:30
நோட்டைத் திறந்தேன். பதினேழாம் பக்கம், அவள் கையெழுத்து.
"ரிமோட் சிக்னல் போகாம இருக்க பெட்டியோட கண்ணுல கருப்பு டேப் ஒட்டிருக்கேன் சார், எடுத்துராதீங்க. ஒன்பதை அமுக்கினா பெட்டியும் அணைஞ்சிடும். திரும்ப எரியும்போது என்னைப் புது ஆளுன்னு நெனச்சு முழு மருந்தையும் மறுபடி ஏத்திடும். அப்படி ஆச்சுன்னா பயப்படாதீங்க, ஆறாம் பொத்தானை அமுக்குங்க, நான் எந்திரிச்சிருவேன். அந்த ஒரு பொத்தானை மட்டும் அழிச்சிராதீங்க."

அமுக்கினேன். காபி வந்தது.

நாள் 213. 12:00
அன்வர்: "ஆறாம் பொத்தானோட பெட்டிக் கோடும் அழிஞ்சிருச்சு சார். பெட்டி செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க, கோடு சொல்ல ஆளில்ல. டாக்டர் இருபத்துநாலு மணி நேரம் தாங்கும்ங்கிறாரு. அணைச்சிராதீங்க, மூச்சு நின்னுடும். ரிமோட்ல ஒண்ணுலேர்ந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வரைக்கும் கம்பெனிக் கோடு இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. பின்னாடியிருந்து வாங்க சார். புதுசா வந்த கம்பெனிக்கெல்லாம் பெரிய நம்பர்தான் குடுத்திருப்பாங்க."

பெட்டி ஏற்றதா என்று தெரிய ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்தில் பாதிதான் ஆகும். எந்தப் பாதி என்று பொத்தான் அமுக்கிப் பிழைக்கிற பையன் எனக்குச் சொல்கிறான். ஊகத்தில் அறிவியல் நடக்காது. முறை என்று ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

நாள் 213. 18:30
130 வரை இல்லை. துடிப்பு ஒன்றரை. அன்வர் மறுபடியும் "பின்னாடியிருந்து வாங்க சார், கையெடுத்துக் கும்பிடுறேன்" என்கிறான். வானொலியை அணைத்தேன்.

நாள் 214. 06:00
360 இல்லை. துடிப்பு ஒன்று. கண் எரிகிறது. கண்ணாடி வழியே அவள் முகம் தெரிகிறது. இரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவளுக்கு எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

நாள் 214. 10:57
இப்போது மாற்றலாமா? மாற்றினால் அவன் சொன்னது சரி என்று ஆகும். 458 இல்லை. 459 இல்லை. அடுத்ததாகக்கூட இருக்கலாம்.

நாள் 214. 13:09
503 இல்லை.
துடிப்பு இல்லை.
கருவி பழுது. மட்டமான கம்பெனி. தொடர்கிறேன்.

நாள் 214. 20:15
வானொலியைப் போட்டேன். அன்வர் அழுகிறான். "அக்கா போயிருச்சு சார். நிறுத்துங்க சார். இங்க திரையிலயும் தெரியுது, மத்தியானமே போயிருச்சு." டாக்டருக்குப் படித்தானா இவன்? 645 இல்லை. 646 இல்லை.

நாள் 215. 08:03
881.
பச்சை விளக்கு. வெப்பமூட்டல் தொடங்கியது.

கணக்குப் போட்டேன். பின்னாலிருந்து வந்திருந்தால் நூற்றுப் பத்தொன்பதாவது முயற்சி. ஆறு மணி நேரம். தொடங்கிய அன்றே மாலை ஆறுக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். வலிக்கிறது சார் என்று கத்தியிருப்பாள்.

நான் கொன்றேன். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அன்வரிடம் சொல்லுங்கள், அவன் சொன்னதுதான் சரி. எனக்கு வாய் வரவில்லை.

நாள் 215. 09:20
மூடி திறந்தது. திரையில் எழுத்து ஓடுகிறது: பெட்டி காலி, அடுத்தவர் படுக்கலாம்.
காலி இல்லை. அவள் இருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலி இல்லை