போட்டோவில் இருப்பது நானில்லை

கல்முனை
20.04.1983

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் வீட்டில் எல்லோரும் சுகம். என் வலது கை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதனால்தான் ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. நான் கோபம் என்று நினைத்து ஜித்தாவில் சோற்றோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

மாசியில் மாவடிப்பள்ளி வயலில் மாட்டுக்கு வைக்கோல் அள்ளும்போது விரலில் ஒரு சிராய் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனேன். பிறகு விரலில் ஒரு கட்டி, மணிக்கட்டில் ஒன்று, முழங்கை வரை வரிசையாக ஏழு. நோவே இல்லை. பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா கண்ணூறு என்றே முடிவு கட்டிவிட்டார். "சவூதிக் காசு உன்ட முகத்தில தெரியிதுகா, ஊர்க் கண் சும்மா இரிக்குமா" என்று ஓதி ஊதினார்.

கோணாமலை டொக்டர் கட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். பூஞ்சணமாம்! பழைய பாண் ரொட்டியில் பூப்பது போல ஒரு சாதி, வைக்கோலில் இருக்குமாம். போன வருசம் மூட்டு வீக்கத்துக்கு அவர் ஒரு மாதத்துக்குத் தந்த மாத்திரையை, நீங்கள் அங்கிருந்து அனுப்பிய போத்தல்களை வைத்து எட்டு மாதமாகக் குடிக்கிறேன் என்று சொன்னேன். மனுசன் தலையில் கை வைத்தார். "வீக்கத்த அடக்கிற மருந்து உடம்புட காவலையும் அடக்கிப் போட்டுது தங்கச்சி, விட்டிருந்தா நெஞ்சுக்கும் போயிருக்கும்" என்று ஏசினார். என் முகம் சதை போட்டு உருண்டதும் அந்த மாத்திரையாலாம், காசால் இல்லை. சல்மா உம்மா இன்னும் நம்பவில்லை.

இப்போது பாலில் துளி மருந்து விட்டுக் குடிக்கிறேன். வாயெல்லாம் பழைய செப்புக்காசு ருசி. ஐந்து கட்டிகள் வற்றிவிட்டன. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதென்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்.

இனி உண்மையைச் சொல்கிறேன், ஏசாதீர்கள். மூட்டு நோவு இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. பெருநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து, நம் கலியாணத்தன்றுகூட நான் இவ்வளவு அழகாக இருக்கவில்லை என்று எழுதினீர்களே. அந்த முகம் போய்விடுமோ என்ற பயத்தில்தான், வீக்கம் இன்னும் இருக்கிறதென்று பொய் எழுதி உங்களிடம் மாத்திரை கேட்டேன்.

இனி அனுப்பாதீர்கள். கட்டில் தலைமாட்டில் ஒட்டிய போட்டோவையும் கழற்றிவிடுங்கள். நோன்புக்கு நீங்கள் வரும்போது பழைய ஒட்டிய கன்னம்தான் வாசலில் நிற்கும்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள், மச்சான். பொய்யானாலும் ஒரு சொல் சொல்லுங்கள்.

உங்கள்
றாபியா