மண்தொடா நாளில் தாழைப்பாடிக்கு விடுத்த ஓலை

நன்று உண்டாகுக. குடி வாழ, நெல் வாழ, நிழல் குன்றாக் குடையின் கீழ் நாடு காக்கும் கோ மலையமகிழ் வேள் ஆட்சியாண்டு பதினேழாவது, ஐப்பசித் திங்கள், மண்தொடா நாள்களில் முதல் நாள். வேளின் அமைச்சரும் ஏரிகளுக்கு அதிகாரியுமாகிய நொச்சியூருடையார் சொல்ல, ஓலைநாயகம் கூத்தன் எழுதியது. தாழம்பூ மணக்கும் தாழைப்பாடி நாட்டாரும், அவர்தம் தலைவர் பெருஞ்சாத்தனாரும் காண்க.

நாடு நலமோ, கன்றுகாலி நலமோ என்று வினவிய பின்னரே செய்தி சொல்வது ஓலை மரபு. இன்று அம்மரபு பின்னுக்குப் போகட்டும். நொச்சியூர்ப் பேரேரியின் கீழைக்கரை கசிகிறது. நாளை விடிவதற்குள் அது உடையும். உடைந்தால் நீர் பாயும் வழியில் உள்ள ஊர் உம்முடையது ஒன்றே. ஆகவே ஓலை கண்ட மாத்திரத்தில் முதியோர், குழந்தைகள், கால்நடைகள் அனைத்தையும் கரட்டுமேட்டுக்கு ஏற்றுக. இவ்வளவில் எழுவோர் எழுக. இனி வருவதெல்லாம் எழாதவர்க்காக எழுதப்படுவது.

எழமாட்டீர் என்பதை உடையார் அறிவார். இன்று உமக்கு வரவுநாள் தொடக்கம். மூன்று நாளும் கதவைத் திறந்து வைத்து, அடுப்பை அணைய விடாமல், இலை போட்டுச் சோறு படைத்துக் காத்திருப்பீர். ஒருவரும் வாசற்படி தாண்டமாட்டீர். முன்னொரு ஐப்பசியில் வெள்ளம் கொண்டுபோனவர்கள் இந்நாள்களில் வீடு தேடி வருவார்கள் என்பதும், வீட்டில் ஆளில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள் என்பதும் உமது நம்பிக்கை. உடையாரின் மகள் குயிலி உம்மூரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊரின் நோன்பைவிடப் புகுந்த ஊரின் நோன்பை அவள் இறுகப் பிடித்திருக்கிறாள். போன ஐப்பசியில் தகப்பனார் வாசலுக்கு வந்து நின்றபோதும் படியிறங்கி வந்து அழைத்தாளில்லை; உள்ளிருந்தே கைகூப்பினாள். ஆளனுப்பி அழைத்தால் வரக்கூடியவள் அல்லள்.

அரச ஆணை என்றாலும் உமக்கு அஃது இறந்தோர்க்கு அடுத்தபடிதான். ஆதலால் நொச்சியூரார் தலைமுறை தலைமுறையாக அறிந்து, வாய் திறவாது வைத்திருந்த ஒன்றை உடையார் இங்கே சொல்லத் துணிந்தார்.

அந்த ஐப்பசியில் பேரேரி தானாக உடையவில்லை. நீர் ஏறி நொச்சியூர்க் களங்களில் குவித்திருந்த நெல்லைத் தொட்டது. கரையை எங்கேனும் திறந்துவிட்டால் நெல் பிழைக்கும் என்று ஊர் கூடிப் பேசிற்று. கீழே தாழைப்பாடி இருக்கிறதே என்று யாரும் கேளாமல் இல்லை. பறை அறைந்து சொல்லிவிட்டு வெட்டலாம் என்று ஒருவர் சொன்னாராம். பறை கேட்டால் அவர்கள் தடியெடுத்து வந்து தடுப்பார்கள், அதற்குள் நெல் போய்விடும் என்றார் மற்றவர். அந்த மற்றவர் உடையாரின் பாட்டனாருக்குப் பாட்டனார். பறை அறையவில்லை. பட்டப்பகலில், ஊரே கூடி நின்று, கீழைக்கரையை வெட்டியது. நெல் பிழைத்தது. உம்மூரில் பிழைத்தவர் அன்று மேய்ச்சலுக்கு மேட்டில் நின்றவர் மட்டுமே. அவர்கள் இறங்கி வந்தபோது, கரை தானே உடைந்தது, தெய்வ சித்தம் என்று நொச்சியூரார் சொல்லி, பிழைத்த நெல்லில் இரண்டு வண்டி கொடுத்து அனுப்பினர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பிழைத்த அந்த நெல் நொச்சியூரார் வயிற்றில் செரிக்கவில்லை போலும். மறு ஐப்பசியில் வெட்டிய கைகளுக்குத் தாங்களே தண்டம் விதித்துக்கொண்டனர். அந்த மூன்று நாளும் மண்வெட்டி எடுப்பதில்லை, ஏர் பூட்டுவதில்லை, ஒரு பிடி மண்ணையும் கையால் தொடுவதில்லை. வெளியூரார் கேட்டால் நிலமகள் இளைப்பாறும் நாள் என்றனர். நாளடைவில் அதற்குப் புத்தாடை வந்தது, பணியாரம் வந்தது, முறைமாமன் சீர் வந்தது. உமது வரவுநாளும் எமது மண்தொடா நாளும் ஒரே வெள்ளத்தில் பிறந்தவை. ஒன்று அழுகையில் பிறந்தது, மற்றது பொய்யில்.

இனி இன்று நிகழ்ந்தது. கசிவு கேட்டு உடையார் காவலர் எண்மரோடு காலையில் நொச்சியூர் வந்து சேர்ந்தார். வேளின் படை வடவெல்லையில் இருக்கிறது. வந்துசேர நாலு நாளாகும். ஆனால் ஊரில் கையும் காலும் உள்ளவர் முந்நூறு பேர் உண்டு. அவர்கள் நண்பகல்வரை மண் சுமந்தால் கரை நிற்கும் என்பதை ஏரி கண்ட எவரும் சொல்வர். ஊரார் புத்தாடையோடு கரைமேல் வந்து நின்றனர், ஒருவரும் குனியவில்லை. உடையார் வேளின் ஆணையைச் சொன்னார். பின்பு மன்றாடினார். வெட்டியதற்குத்தான் நோன்பு, அடைப்பதற்கு ஏது தடை என்று நயந்தும் சினந்தும் எடுத்துரைத்தார். கடைசியில் தாமே மண்வெட்டியை எடுத்து வெட்டிக் கூடையில் நிரப்பித் தம் தமக்கையார் வெண்ணியிடம் நீட்டினார். அவ்வம்மையார் கூடையை வாங்கவில்லை. அவர் சொன்னது சொன்னபடியே இங்கே எழுதப்படுகிறது:

“மம்பட்டிய எடுத்ததாலதான் தம்பி அன்னைக்கு அந்தச் சனம் செத்துச்சு. அவங்களுக்காக எடுக்காம இருக்கோம். இன்னைக்கு எடுத்தா அவங்கள ரெண்டாந்தரம் கொன்ன மாதிரி.”

சொல்லிவிட்டு அவர் அழுதார். வஞ்சம் உள்ளவரின் அழுகை அன்று அது, அதுதான் கொடுமை. செத்தவரை நினைத்து அழுகிறவர்க்கு, கீழே உயிரோடு இருப்பவர் கண்ணில் படவில்லை. நொச்சியூர் மேட்டில் இருக்கிறது, ஏரி உடைந்தால் அவர்கள் கால் நனையப்போவதுமில்லை. காவலர் எண்மரும் உடையாரும் மாலைவரை மண் போட்டனர். போட்டதைவிடக் கரைந்தது மிகுதி. இப்போது கரையின் அடியில் கலங்கல் நீர் கொப்பளிக்கிறது. கரை நிற்கும் என்னும் எண்ணத்தை உடையார் விட்டுவிட்டார்.

தாழைப்பாடி நாட்டாரே, நீர் காத்திருப்பவர் வரமாட்டார். எத்தனையோ ஐப்பசி இலை போட்டீர், ஒருவரேனும் வந்தாரா? அவர்களைத் தெய்வம் அழைக்கவில்லை. நொச்சியூரார் கொன்றனர், நெல்லுக்காகக் கொன்றனர். இதைக் கேட்டு உமக்குச் சினம் வரவேண்டும் என்றே உடையார் இதைச் சொன்னார். ஆணைக்கு எழாதவர் சினத்திற்காவது எழக்கூடும் என்பது அவர் கணக்கு. தடியெடுத்துக்கொண்டு நொச்சியூரை அழிக்கவென்றே புறப்பட்டு வருக. வரும் வழி கரட்டுமேட்டின் மேல்தான். எவரும் உம்மைத் தடுக்கமாட்டார்.

இவ்வோலை பயன்படும் என்ற நம்பிக்கை உடையார்க்கு மிகுதியாக இல்லை. ஓலை கொணரும் வீரன் வாசலில் நின்று கூவினாலும், நீர் உள்ளிருந்து கைகூப்புவீர் என்றே அஞ்சுகிறார். மகளையும் பேரனையும் மட்டும் தூக்கி வருமாறு வீரனிடம் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் அடக்கிக்கொண்டார். அன்று தம் நெல்லை மட்டும் பார்த்தவரின் வழிவந்தவர் இன்று தம் மகளை மட்டும் பார்க்கலாகாது என்றார்.

ஆணை யாதெனில்: இவ்வாண்டும் இனி வரும் ஆண்டுகளிலும் வரவுநாள் நோன்பு வேளின் பெயரால் நீக்கப்பட்டது. வீட்டில் இருப்பது குற்றம். வாசற்படி தாண்டுவதே முறை. பெருஞ்சாத்தனார் முதற்கண் தம் வீட்டு அடுப்பை அணைத்து வெளியேறி வழிகாட்டுக. உடையாரின் மகள் கேட்டால், தகப்பனார் கீழைக்கரையில் நிற்கிறார், உடையும்வரை அங்கேதான் நிற்பார் என்று சொல்லுக.

ஓலைச் சுருளை மூட இலச்சினை மண் வேண்டும். இவ்வூரில் இன்று மண் எடுத்துத் தருவார் எவருமில்லை. உடையாரே உடையும் கரையிலிருந்து ஒரு பிடி எடுத்து, வேளின் முத்திரையைத் தம் கையால் பதித்தார். உலர விடப் பொழுதில்லாமையால் ஈரமண்ணோடே அனுப்பப்படுகிறது.