உன் டிராக்டருக்கு நாங்கள் ஊற்றிய மண்ணெண்ணெய்

அன்பு மகள் ஓர்லாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நியூசிலாந்தில் இப்போது குளிர் உச்சத்தில் இருக்குமே, உனக்குச் சளி கட்டாமல் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. இங்கே நம் ஊர் ராஸ்காமனில் மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் அடித்தது, ஊரே புல்லை அறுத்துக் காயப்போட ஓடியது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. கறுப்புப் பசு கன்று போட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அதனால்தான் பசுவையும் கன்றையும் பேச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறேன். உன் டிராக்டரின் டீசல் பம்பைக் கெடுத்துவிட்டோம், ஓர்லா. நீ விற்கச் சொல்லி எழுதி, டூவம் ஊரிலிருந்து மலாக்கி என்பவர் வாங்குவதாகப் பேசி முடித்திருந்த நேரத்தில் கெடுத்துவிட்டோம்.

மேட்டு வயலில் நான் உன் வண்டியை ஓட்டிப் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டீசல் தீர்ந்தது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டு, டீசல் வாங்கிட்டு வர்றதுக்குள்ள மழை வந்துரும் நூலா, கொல்லையில கணப்புக்கு வெச்ச மண்ணெண்ணெய் டாங்க் நிறைய இருக்கே, நம்ம பழைய வண்டி அதைக் குடிச்சே ஓடலையா என்றார். பழைய வண்டியின் பம்புக்கு எஞ்சின் எண்ணெய் தனியாக உண்டு, அது எதைக் குடித்தாலும் தாங்கியது. உன்னுடையது சுழல் பம்பு. நீ அதைச் சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப் போட்டுக் காட்டியது எனக்கு மறக்கவில்லை. நடுவில் ஓர் உருளை சுழலும், அதற்குள் எதிரெதிரே இரண்டு சின்ன உலக்கைகள், அவை நெருங்கும்போதெல்லாம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் முறை வந்ததும் ஒரு சொட்டு டீசல் போகும். எவ்வளவு போகவேண்டும் என்று பார்ப்பது ஒரு குட்டி வால்வு. வேகம் ஏறினால் உள்ளே சுற்றும் எடைகள் விரிந்து அந்த வால்வை மூடும், இறங்கினால் திறக்கும். இதுக்கெல்லாம் வேற எண்ணெயே கிடையாதும்மா, ஓடுற டீசல்தான் வழவழப்பு, வேற எதையும் ஊத்திடாதீங்க என்று நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். நான் ஊற்றினேன்.

இரண்டு வரிசை போவதற்குள் நான் கை வைக்காமலே எஞ்சின் தானாக உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. அந்தக் குட்டி வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் திருப்பி அடுத்த வரிசையில் விட்டேன். பம்பு இறுகி, அதைச் சுழற்றும் தண்டு முறிந்து, வண்டி மேட்டிலேயே நின்றுவிட்டது. பம்பு ரிப்பேர் செய்கிற ஓவன் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெயை ஊத்தின மகராசன் யாருங்க, உருளை உரசிப்போய் வெல்டு வெச்ச மாதிரி ஒட்டிக்கிச்சே என்றான். அப்பா தலையைக் குனிந்து நான்தான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தார், அதைப் பார்த்துக்கொண்டும் நான் சும்மா இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று தாங்கமுடியாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும், தெரிந்துதான் ஊற்றினேன், வண்டி விலைபோய்விட்டால் அவள் திரும்பிவர இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தேன் என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, ஏன்டி, அவ பம்பைப் பிரிச்சுப் போட்டப்ப நானும்தானே மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன், எனக்கு மட்டும் காது இல்லையாக்கும் என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் அழுதார், நானும்தான்.

ஓவன் வேறொரு பம்பைப் பொருத்திவிட்டான், வண்டி முன்போலவே ஓடுகிறது. மலாக்கியிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னோம், ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் சரி என்றுவிட்டார். நாங்கள் செய்தது தப்பு, உன் பொருளில் கைவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. மன்னித்துவிடு.

குளிரில் வெறுந்தலையோடு வெளியே போகாதே, ரொட்டியை மட்டும் தின்று வேளையைக் கழிக்காதே. எங்கே இருந்தாலும் மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மலாக்கி வண்டியை எடுக்க வருகிறார், அதற்குள் ஒரு தடவை ஃபோன் செய். டிராக்டரை விற்கச் சொல்லி எழுதினாயே தவிர, இனி வரமாட்டேன் என்று நீ எங்கேயும் எழுதவில்லை. அதை உன் வாயால் சொல்லிவிடு, சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

பம்பைக் கெடுத்த இருவரில் ஒருத்தி,
உன் அம்மா நூலா